அமெரிக்க அரசுடன் வியாபாரம்: பதிவுக்குச் சல்லி கேட்டால் நில்லுங்கள்

ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தபோது, ஒரு தம்பி என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக அழைத்துச் சென்றார். தெஹிவளைப் பக்கம் ஏ.சி. இயந்திரங்கள் பொருத்துவதும் திருத்துவதும் அவரது தொழில். வாப்பா தொடங்கிய கடை. இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள். தனது கைத்தொலைபேசியில் ஒரு மின்னஞ்சலைக் காட்டி, "நானா, இதுக்கு நாளைக்குள்ள சல்லி கட்டணும் என்கிறான். கட்டவா?" என்று கேட்டார்.

வாசித்துப் பார்த்தேன். மேலே கழுகுச் சின்னம். கீழே கொட்டை எழுத்தில், அமெரிக்க அரசிடம் தாங்கள் செய்த பதிவு முழுமை பெறவில்லை, 48 மணித்தியாலத்துக்குள் 599 டொலர் செலுத்தாவிட்டால் பதிவு இரத்தாகும் என்று எழுதியிருந்தது. நமது காசில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல். கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஏ.சி. பராமரிப்பு வேலைக்கு விலை கேட்கப்படுவதாக யாரோ சொல்ல, அதற்கு இணையத்தில் பதிவு அவசியம் என்று அறிந்து, தானாகவே பதிவைத் தொடங்கியிருக்கிறார். தொடங்கிச் சில நாட்களில் இந்தக் கடிதம் வந்துவிட்டது.

"கட்ட வேண்டாம் தம்பி. இது அரசாங்கம் அனுப்பிய கடிதமே அல்ல" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "என்ட கம்பனிப் பெயர், விலாசம் எல்லாம் சரியாக இருக்கே நானா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வாரப் பகுதியை எழுதுகிறேன். அவரைப் போல் இன்னும் பலர் நம்மிடையே இருக்கக் கூடும்.

இந்தப் பதிவு என்ன?

அமெரிக்க மத்திய அரசு உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. 2023 நிதியாண்டில் மட்டும் அது ஒப்பந்தங்களுக்காகச் செலவிட்ட தொகை சுமார் 759 பில்லியன் டொலர். போர்க்கப்பல் வாங்குவதிலிருந்து தூதரகத்தின் புல் வெட்டுவது வரை எல்லாம் இதற்குள் அடங்கும். அந்த அரசுக்குப் பொருளோ சேவையோ விற்பவர் அதன் மத்திய பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது 2003 ஒக்டோபர் முதல் பொது விதியாக இருந்து வருகிறது. சிறு தொகைக் கொள்வனவு போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு.

முன்னர் வெவ்வேறாக இருந்த பதிவேடுகள் சிலவற்றை ஒன்றாக்கி 2012 ஜூலையில் 'சாம்' என்ற இணையத்தளம் தொடங்கப்பட்டது. முகவரி: சாம் டொட் கவ். ஜீ.எஸ்.ஏ. எனப்படும் பொதுச் சேவைகள் நிருவாகம் இதனை நடத்துகிறது. அமெரிக்கக் கம்பனிகள் மட்டுமன்றி வெளிநாட்டுக் கம்பனிகளும் இதே வாசலால்தான் உள்ளே போக வேண்டும்.

வாசகர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றே. இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். பதிவதற்கும் கட்டணமில்லை, வருடாந்தம் புதுப்பிப்பதற்கும் கட்டணமில்லை. சந்தேகம் கேட்க அவர்கள் வைத்திருக்கும் உதவி மையமும் இலவசமானதே.

அப்படியானால் தம்பியின் பெயரும் விலாசமும் அந்தக் கடிதத்துக்கு எப்படிப் போனது? இந்தப் பதிவேட்டில் கம்பனிகள் கொடுக்கும் விபரங்களில் ஒரு பகுதி யாரும் பார்க்கக் கூடியது. புதிதாக யார் வந்திருக்கிறார், யாருடைய பதிவு முடியப் போகிறது என்பதை அங்கிருந்து எடுத்து, அவர்களுக்குப் பயமுறுத்தல் கடிதம் அனுப்புவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் மின்னஞ்சல் விலாசம் 'டொட் கவ்' என்று முடியும். 'டொட் கொம்' என்றோ 'டொட் ஓர்க்' என்றோ முடிந்தால், மேலே எத்தனை கழுகு பறந்தாலும் அது அரசாங்கம் அல்ல. தம்பிக்கு வந்த கடிதத்தின் விலாசத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 'டொட் கொம்' என்றுதான் இருந்தது.

ஒன்றை நீதியாகச் சொல்ல வேண்டும். படிவம் நிரப்பித் தரக் கூலி வாங்குவது குற்றமல்ல. நமது கச்சேரி வாசலிலும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்தானே? "நான்தான் அரசாங்கம், கட்டாவிட்டால் பதிவு போய்விடும்" என்று சொல்வதுதான் மோசடி.

பெயரில்தான் சிக்கல்

மறுநாள் இரவு அவருடைய கடைக்குப் போய், கணனிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். வேலை கஷ்டமானதல்ல. ஆனால் பொறுமை வேண்டும். அதிலும் நம்மவர்களுக்குப் பெரிய சோதனை பெயரில் வருகிறது.

வர்த்தகப் பதிவுச் சான்றிதழில் கடைப் பெயர் 'என்ட் சன்ஸ்' என்று எழுத்தில் இருந்தது. வங்கியில் அதே பெயர் குறியீடு போட்டு இருந்தது. மின்சாரப் பட்டியலில் கடைப் பெயரே இல்லை, மவுத்தான வாப்பாவின் பெயர்தான் இருந்தது. அதிலும் 'முஹம்மத்' என்பதன் ஆங்கில எழுத்து, அடையாள அட்டையில் உள்ளதற்கு வேறாக இருந்தது. கடை இலக்கம் ஓரிடத்தில் கோடு போட்டும் இன்னோரிடத்தில் கோடில்லாமலும் இருந்தது. நாம் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. கணனி எடுக்கிறது. ஓர் எழுத்துப் பிசகினாலும் "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே இணையத்தைத் திறப்பதற்கு முன்பே பத்திரங்களை மேசையில் பரப்பி, ஒரே பெயர், ஒரே விலாசம் என்று சரி செய்து கொள்ளுங்கள். தபால் பெட்டி இலக்கத்தைக் கம்பனி இருக்கும் இடத்தின் விலாசமாக ஏற்க மாட்டார்கள். பிரதேச செயலகம் தந்த சான்றிதழ் சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். இந்த வேலையில் நியாயமாகச் செலவாகும் பணம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

படிகள்

முதலாவது, 'என்கேஜ்' என்ற ஐந்து எழுத்து இலக்கம். லக்சம்பேர்க் நாட்டிலுள்ள நேட்டோ அமைப்பின் கொள்வனவு முகவரகத்திடம் இணையம் மூலம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இதுவும் இலவசம். "நேட்டோவில் நாம சேர்றதா நானா?" என்று தம்பி திடுக்கிட்டார். அப்படியல்ல. விற்பனையாளர்களுக்கு அடையாள இலக்கம் போடும் பட்டியலை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கு கொடுக்கும் பெயரும் விலாசமும் சாம் தளத்தில் கொடுப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தம்பி சிக்கியது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, சாம் தளத்தில் கணக்குத் திறந்து 'யூ.ஈ.ஐ.' என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளம் பெறுவது. முன்னர் இதற்குப் பதிலாக ஒரு தனியார் கம்பனி வழங்கிய 'டன்ஸ்' என்ற ஒன்பது இலக்க எண் கேட்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4ஆம் திகதியுடன் அந்த முறை நின்றுவிட்டது. இன்றும் யாராவது "அமெரிக்க அரசுப் பதிவுக்கு டன்ஸ் எடுத்துத் தருகிறேன், காசு கொடு" என்றால், அவருக்கு விடயம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, கம்பனி விபரம். எந்தத் தொழில் என்பதை ஆறு இலக்கக் குறியீட்டால் சொல்ல வேண்டும். ஏ.சி. பொருத்தும் வேலைக்கு 238220. அமெரிக்காவில் வரி செலுத்தாத, அங்கு வங்கிக் கணக்கில்லாத வெளிநாட்டுக் கம்பனி, வரி இலக்கமும் வங்கி விபரமும் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வங்கி விடயத்தில் அவர்களும் சூடு கண்டவர்கள். 2018 மார்ச்சில், சில கம்பனிகளின் பதிவுக்குள் வேறு ஆட்கள் நுழைந்து வங்கி விபரத்தை மாற்றியது தெரிய வந்த பின்னர், நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்ட கடிதம் கேட்கத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் கடவுச்சொல்லை, படிவம் நிரப்ப வந்த பையனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

நான்காவது, புதுப்பித்தல். பதிவின் ஆயுள் ஒரு வருடம். விலை கொடுக்கும் நாளிலும் ஒப்பந்தம் வழங்கப்படும் நாளிலும் அது உயிரோடிருக்க வேண்டும். ஸக்காத் கணக்குப் பார்க்கும் நாளைக் குறித்து வைப்பது போல இதையும் நாட்குறிப்பில் குறித்து வையுங்கள்.

கையொப்பத்தின் பாரம்

இவ்வளவும் முடிய நள்ளிரவாகிவிட்டது. கடைசியாக ஒரு நீண்ட பகுதி வந்தது. கேள்விகள், பக்கம் பக்கமாக உறுதிமொழிகள். பெரும்பாலானோர் வாசிக்காமலே "ஆம், இல்லை" என்று தட்டிக் கொண்டு போகும் பகுதி இது. என் கருத்தில் முழுப் பதிவிலும் ஆபத்தான இடமும் இதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020 ஓகஸ்ட் 13 முதல் நடைமுறையிலுள்ள ஒரு விதிப்படி, குறிப்பிட்ட சில சீனக் கம்பனிகளின் தொலைத்தொடர்புக் கருவிகளைத் தனது தொழிலில் முக்கிய பாகமாகப் பாவிக்கும் நிறுவனத்துடன் அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்ய முடியாது. அந்தக் கருவி அரசின் வேலைக்குப் பாவிக்கப்படாமல் உங்கள் சொந்தக் கந்தோரில் இருந்தாலும் விதி பொருந்தலாம். ஹுவாவி, இசட்.ரி.ஈ. ஆகிய இரண்டும் இதில் முதன்மையானவை. ஹிக்விஷன், தஹுவா, ஹைட்டெரா ஆகியவற்றின் கமரா, வானொலிக் கருவிகளும் சில நோக்கங்களுக்குப் பாவிக்கப்படும்போது இதற்குள் வரும். "விசாரித்துப் பார்த்தேன், பாவிக்கவில்லை" என்று நீங்கள் கையொப்பமிட வேண்டும்.

தம்பி சுட்டியை "இல்லை" என்பதற்குக் கொண்டு போனார். நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இணைய இணைப்புப் பெட்டி பச்சை விளக்குடன் மினுங்கிக் கொண்டிருந்தது. அதன் முகத்தில் அந்தப் பட்டியலிலுள்ள ஒரு பெயர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"வொஷிங்டன்ல இருந்து வந்து என்ட மேசைக்கடியில குனிஞ்சு பார்க்கப் போறானா நானா?" என்றார்.

பார்க்கப் போவதில்லை. ஆனால் அமெரிக்காவில் பொய்க் கோரிக்கைச் சட்டம் என்றொன்று இருக்கிறது. 1863இல், அவர்களது உள்நாட்டுப் போரின்போது, படையினருக்குப் பழுதான பொருட்களைக் கொடுத்து ஏமாற்றிய வியாபாரிகளைப் பிடிக்கக் கொண்டு வரப்பட்டது. அரசிடம் பொய் சொல்லிப் பணம் பெற்றால் நட்டத்தின் மூன்று மடங்கும் அதற்கு மேல் அபராதமும் அறவிடப்படும். நம்பிக்கைக்குத் தகுதியற்றவர் என்று விலக்கப்படும் கம்பனிகளின் பட்டியலும் அதே சாம் தளத்தில் உலகம் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. நாளை வேறு நாட்டுக் கம்பனி ஒன்று உங்களுடன் கூட்டுச் சேர முன்னர் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் விட, அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைப் பற்றி ஒரு முழு சூராவே இறங்கிய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். வாங்குபவர் முஸ்லிமா இல்லையா, நமக்குப் பிடித்தவரா இல்லையா என்பது தராசுக்குத் தெரியாது. கணனியில் தட்டும் "இல்லை"யும் வாயால் சொல்லும் "இல்லை"யும் ஒன்றுதான். நான் இதைச் சொன்னதும் தம்பி ஒன்றும் பேசவில்லை. கணனியை மூடினார். அந்த வாரமே அந்தப் பெட்டியை மாற்றி, கந்தோர்த் தொலைபேசிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அதன் பின்னர்தான் "இல்லை" என்று பதிந்தார். அதற்குச் செலவானது மின்னஞ்சல்காரன் கேட்டதில் ஒரு சிறு பங்கு.

எதிர்பார்ப்பில் அளவு வேண்டும்

பதிவு என்பது கதவுக்கு முன் நிற்க அனுமதி மட்டுமே. "பதிந்தால் ஒப்பந்தம் நிச்சயம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவுக்கே பொருள் அனுப்பி அந்த அரசுக்கு விற்கலாம் என்று கனவு காண்பவர்கள் இதையும் அறிய வேண்டும். உலக வர்த்தக நிறுவனத்தின் அரச கொள்வனவு உடன்படிக்கையில் இலங்கை உறுப்பு நாடல்ல, பார்வையாளர் மட்டுமே. அதனால் பெரிய தொகைக் கொள்வனவுகள் பலவற்றில் நமது நாட்டு உற்பத்திகளுக்கு இடமில்லை. உறுப்பு நாடல்லாத இடங்களிலிருந்து வரும் பொருளுக்கும் சேவைக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் பணத்தில் 2 சதவீத வரி பிடிக்கும் சட்டமும் 2011 முதல் இருக்கிறது. சிறிய கொள்வனவுகளுக்கு அதிலிருந்து விலக்குண்டு. பெரிய வேலைக்கு விலை கொடுக்கும்போது இதை மறந்தால், இலாபமே அந்த இரண்டு சதவீதமாக இருந்துவிடலாம். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குப் பொருத்தமானது, இங்கேயே நடக்கும் வேலைகள்தான்: பராமரிப்பு, துப்புரவு, போக்குவரத்து, அச்சு வேலை, தளபாடம் போன்றவை.

ஆகவே பதிவதற்கு முன்னரே சாம் தளத்தில் ஒப்பந்த வாய்ப்புகள் என்ற பகுதியைப் பாருங்கள். அதற்குப் பதிவே தேவையில்லை. வேலை நடக்கும் இடம் இலங்கை என்று போட்டுத் தேடலாம். உங்கள் தொழிலுக்கு ஏற்ற அழைப்பு ஏதும் வருகிறதா என்று சில மாதங்கள் கவனித்து, வந்தால் மட்டும் பதிவில் இறங்குங்கள்.

கொடுப்பனவு பற்றியும் ஒரு வார்த்தை. முறையான பட்டியல் கிடைத்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் சட்டமிருக்கிறது. வெளிநாட்டில் செய்யும் ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் அது அப்படியே பொருந்தாது. ஒப்பந்தத்தின் கொடுப்பனவுப் பகுதியை வாசித்த பின் கையொப்பமிடுங்கள். அப்படியொரு வட்டி கிடைத்தால் அதை என்ன செய்வது என்பதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

"அந்த நாட்டுடன் வியாபாரம் செய்யத்தான் வேண்டுமா?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். உலகில் நடப்பவற்றைப் பார்க்கும் எவருக்கும் அந்தக் கேள்வி எழும். அது அவரவர் மனச்சாட்சிக்கும் மார்க்க அறிஞர்களின் வழிகாட்டலுக்கும் உரியது. நான் எழுதுவது வழிமுறையைப் பற்றி மட்டும். செய்வதென்று தீர்மானித்தவர், வேலையின் விபரத்தையாவது முழுதாக வாசிக்கட்டும். விருந்து வழங்கும் ஒப்பந்தமென்றால் மதுபானமும் அதிலிருக்கலாம். வென்ற பின் கவலைப்பட்டுப் பயனில்லை.

நமது நாட்டிலும் இது புதிதல்ல

வெளியார் வந்து பெயர் பதிய வேண்டும் என்று கேட்பது அமெரிக்கா மட்டுமல்ல. நமது நாட்டிலேயே 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட அரச கேள்விப்பத்திரங்களுக்கு விலை கொடுப்பவர் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிக்காக இங்கு முகவராக நிற்பவரும் பதிய வேண்டும். நம்மவர்களில் பலர் அப்படி முகவராக இருக்கிறார்கள். அந்தப் பதிவை ஒழுங்காகச் செய்து பழகியவருக்கு இந்தப் பதிவு பெரிய மலையல்ல.

தம்பியின் கதையின் முடிவைக் கேட்பீர்கள். பெயரையும் விலாசத்தையும் பொருத்தி எடுப்பதிலேயே ஏழு வாரங்கள் போய்விட்டன. அவர் குறி வைத்த ஏ.சி. பராமரிப்பு வேலைக்கு இறுதித் திகதி அதற்குள் கடந்துவிட்டது. அடுத்து வந்த ஒரு சிறு வேலைக்கு விலை கொடுத்தார். வேறொருவரின் விலை குறைவாக இருந்ததால் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. பதிவுக்காகத் திருத்திய பத்திரங்களைக் கொண்டு உள்ளூர்க் கம்பனியொன்றின் வருடாந்தப் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்து அதைப் பெற்றிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். "இருபது வருஷமா எங்கட கடைக்கு மூணு பேர் இருந்திருக்கு நானா, எங்களுக்கே தெரியல்ல" என்று சிரிக்கிறார்.

அந்த மின்னஞ்சல்காரன் மட்டும் இன்னும் விடவில்லை. புதுப்பிக்கும் காலம் நெருங்கும்போது இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கிறான். இம்முறை 699 டொலர்.